ஓவியமன்று; உரிமை ஆவணம்!

ஓரினத்தாரின் ஓவியத்தை அயலார் தம் காட்சிக்கூடத்தில் மாட்டி அழகு பார்ப்பது ஒன்று. அவ்வினத்தாரே தம் மண்ணில், தம் மொழிப்பெயரோடு அதனைக் காத்து வைப்பது வேறொன்று. முன்னது நுகர்ச்சி, பின்னது உரிமை. இவ்வேறுபாட்டை உணர விரும்புவோர் ஆத்திரேலியாவின் வடபுலத்தில், ஆர்னெம் நிலப்பகுதியில் உள்ள இயிர்க்காலா என்னும் சிற்றூரை நோக்குக.

அங்கு வாழும் யோலுங்கு மக்கள் துவா, இயிரிச்சா என்னும் இருபெரும் பிரிவினர். 1962–63-இல் அவர்தம் முதியோர், பிரிவுக்கு எண்மராய்க் கூடி, தத்தம் குடிகளின் தோற்ற வரலாறுகளை ஏறத்தாழ 12 அடி உயரமுள்ள இரு பலகைகளில் தீட்டினர். அவை அவ்வூர்க் கிறித்தவக் கோயிலில் நிறுத்தப்பெற்றன. 1974-இல் அக்கோயிலார் அவற்றை வெளியே எறிந்தனர்! 1978-இல் மீட்டவர் யார்? பெருநகர அருங்காட்சியகத்தாரல்லர், அவ்வூர் மக்களின் புக்கு-லார்ங்கைக் கலைக்கூடத்தாரே. 1998 முதல் அவை அங்கேயே தனியிடத்தில் ஓங்கி நிற்கின்றன.

எறிந்தவர்க்கு அவை வண்ணம் பூசிய பலகைகள்; வரைந்தவர்க்கோ நில ஆவணங்கள். அதே 1963-இல், அம்மக்களைக் கேளாமலே, பாக்சைட்டுச் சுரங்கத்திற்கென அவர்தம் நிலத்தில் ஏறத்தாழ 300 சதுரக் கிலோமீட்டரை அரசு பிரித்தெடுத்தது. அவர்கள் தம் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் முறையீடெழுதி, குடிக்கோலங்கள் தீட்டிய மரப்பட்டைகளில் ஒட்டி நாடாளுமன்றத்திற்கு விடுத்தனர். சுரங்கம் நிற்கவில்லை, 1971-இல் வழக்கும் தோற்றது. ஆயினும் அவர்கள் ஓய்ந்தாரல்லர். 1976-இல் வடபுல நிலவுரிமைச் சட்டம் பிறந்தது. பின்னர்த் தம் கடலுரிமையை நாட்ட 80 மரப்பட்டை ஓவியங்களைத் தீட்டினர். ஓதம் ஏறியிறங்கும் கரைநீரும் அவர்க்கே உரித்தென 2008-இல் நாட்டின் தலைமை வழக்குமன்றம் தீர்ப்பளித்தது.

‘பெருநகரக் கூடத்தில் இருந்தாலன்றோ பலரும் காண்பர்?’ என்பாருளர். அந்த 80 ஓவியங்களும் இன்று சிட்னியின் கடல்சார் அருங்காட்சியகத்தில்தாம் உள்ளன. பலர் காண்பதில் தவறில்லை. ஆனால், எந்தக் கோடு எந்தக் குடிக்குரியது, எந்த வளைவு எந்த நீர்நிலையைக் குறிக்கும் என்றுரைக்கும் வாயும் மொழியும் ஊரிலன்றோ உள்ளன! அம்மொழி அழியின் ஓவியம் ஊமையாகும்.

ஆகவே, காட்சிக்கூடம் நடத்துவோரே! தொல்குடியின் ஓவியத்தைச் சுவரில் மாட்டுமுன், அதன் பெயரை அவர்தம் மொழியில் எழுதுங்கள். அதில் தீட்டப்பெற்ற நிலம் எவருடையது என்பதையும் உடனெழுதுங்கள். கலையைப் போற்றிக்கொண்டே கலைஞனின் நிலத்தைப் பறிப்பது கொடுமை. அவன் மொழியைப் புறந்தள்ளுவது அதனினும் கொடுமை.

மண்ணையும் மொழியையும் காப்பவர்க்கே கலையும் எஞ்சும். தமிழர்களே, உணர்க!