பக்கத்தில் உட்கார்ந்தவர்

லால்குடி ஜெயராமன் வயலின் வாசித்தால் கிருதியின் வரிகள் நம் உதட்டில் தானாக வந்துவிடும். வில்லை எங்கே திருப்புவது, எங்கே நிறுத்துவது என்பதைச் சாகித்தியத்தின் சொற்களே தீர்மானித்தன. தந்தை கோபால ஐயரிடம் கற்று 12 வயதில் மேடையேறியவர். அரியக்குடி, செம்பை, ஜி.என்.பி. எனப் பாடகர்களின் ஒன்றோடொன்று ஒட்டாத பாணிகளுக்கெல்லாம் பக்கம் வாசித்தார். 1966-இல் ரமணியின் குழல், வெங்கட்ராமனின் வீணையோடு வயலினைச் சேர்த்தார், தில்லானாக்கள் இயற்றினார். இவற்றுக்கான பயிற்சிக் காலமாக மட்டும் பக்கவாத்திய ஆண்டுகளைச் சுருக்குவது எனக்கு ஏற்பில்லை. பாடகர் ஆலாபனையை முடித்தபின் கிடைக்கும் சில நிமிடங்களில், அவர் போட்ட பாதையை விட்டு விலகாமலே, ராகத்தை முழுசாக நிறுத்திக் காட்டினாரே! மதுரை மணி ஐயரின் ஸ்வரங்களுக்கு அவர் பதில் தரும் பழைய பதிவு கிடைத்தால், முதலில் அதைக் கேளுங்கள்.