‘வட்டாரம்’ என்னும் வசைச்சொல்

தமிழன் தன் மொழியைப் போற்றினால் அது ‘வட்டாரப் பற்று’. இந்தியை நாடெங்கும் திணித்தால் அது ‘தேசியம்’! இவ்விரட்டை அளவுகோல் வந்த வழி எது? அரசியல் சட்டத்தின் பதினேழாம் பகுதியைப் புரட்டினால் விளங்கும். ஆங்கே இந்தி ‘ஒன்றியத்தின் மொழி’ என்னும் தலைப்பில் அமர்ந்திருக்கிறது. மாநில மொழிகளோ ‘வட்டார மொழிகள்’ என்னும் தலைப்பின்கீழ்த் தள்ளப்பட்டுள்ளன. 343-ஆம் பிரிவு இந்தியை அலுவல்மொழி என்கிறதேயன்றி, நாட்டுமொழி என்று சட்டம் எங்கும் கூறவில்லை. ஆயினும் மேடைதோறும் ‘தேசிய மொழி’ என்றே முழங்குவர். 351-ஆம் பிரிவோ, இந்தியைப் பரப்புங் கடமையை ஒன்றியத்தின்மேல் ஏற்றி, அதற்கு வேண்டுஞ் சொற்களை முதன்மையாகச் சமற்கிருதத்தினின்று எடுக்கவும் வழிகாட்டுகிறது. ஏனைய மொழிகளுக்கு இப்படியொரு பிரிவு உண்டா?

மொழிவழி மாநிலம் அமைந்தால் நாடு சிதறும் என்று அச்சுறுத்தினர். நேரு, பட்டேல், பட்டாபி சீத்தாராமையா மூவர் குழு 1949-இல் அதனைத் தள்ளிப்போடவே சொன்னது. பொட்டி சிறீராமுலு 1952 திசம்பர் 15-இல் உண்ணாநோன்பில் உயிர்விட்ட பின்னரே 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1956-இல் ஏனைய மாநிலங்கள் பலவும் மொழிவழி அமைந்தன. நாடு சிதறிற்றா? இல்லையே!

அதே 1956-இல், சென்னை மாநிலத்திற்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் சூட்டக் கோரி விருதுநகரில் உண்ணாநோன்பு இருந்தார் சங்கரலிங்கனார். அவர் பிரிவினைக்காரர் அல்லர். நாட்டு விடுதலைக்காகப் போராடிய காந்தியர். தமிழ் மண்ணைத் தமிழ்நாடு என்றழைக்கச் சொன்னதே அவர் செய்த ‘குற்றம்’. எழுபது நாள்களுக்கு மேலாகப் பட்டினி கிடந்து அக்தோபர் 13-இல் உயிர்நீத்தார். பெயர் வந்ததோ 1969 சனவரி 14-இல். ஒரு பெயருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல்! (தமிழர் ஆட்சியில் இருந்தும் இத்துணைக் காலம் கடந்தது என்பதையும் மறைக்கவேண்டுவதில்லை.)

நாடுகளை உடைப்பது மொழிப்பற்று என்போர் பாக்கித்தானைப் பார்க்கட்டும். ஒரே சமயம், ஒரே கொடி. மக்களுள் பெரும்பாலோர் வங்காளியர். ஆயினும் உருது ஒன்றே அரசமொழி என்று 1948-இல் தாக்காவிற்கே சென்று அறிவித்தார் சின்னா. 1952 பிப்ரவரி 21-இல் தாய்மொழிக்காகக் கிளர்ந்த மாணவர்மேல் காவலர் சுட்டனர். வங்காளத்திற்கும் அரசமொழித் தகுதி 1956-இல் கிட்டியது. ஆனால் பட்ட புண் ஆறவில்லை. ஆட்சியிலும் பொருளியலிலும் தொடர்ந்த புறக்கணிப்பு அப்புண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது. 1971-இல் அந்நாடு இரண்டாயிற்று. உடைத்தது யார்? வங்காளம் பேசியவரா, பேசாதே என்றவரா?

அம்மாணவர் குருதி சிந்திய நாளை உலகத் தாய்மொழி நாளாக 1999-இல் யுனெசுகோ அறிவித்தது. இந்திய அரசும் அந்நாளைக் கொண்டாடுகிறது. 351-ஆம் பிரிவு மட்டும் அன்றிருந்தபடியே இன்றும் இருக்கிறது.