பழந்துணி கேட்டால் முகம் சுளிப்பதேன்?

காட்சிக்கலை வகுப்பிற்கு ஒரு பழைய பருத்திச் சட்டையைக் கொடுத்தனுப்புங்கள் என்று எழுதினால், மறுநாள் விலைச்சீட்டுக் கழற்றாத வெள்ளை டீ-சட்டையோடு பிள்ளை வந்து நிற்கிறது. "வீட்டில் பழையது இல்லை, ஆசிரியரே" என்று பெற்றோரின் விளக்கம் வேறு. ஆண்டுதோறும் லெபோ பாசாரில் தீபாவளித் துணி எடுக்கும் வீட்டில் பழையது இல்லையாம்! பழந்துணி என்றாலே வறுமை என்னும் கூச்சம் நம்மவரைவிட்டு இன்னும் அகலவில்லை என்பதே உண்மை.

அன்பர்களே, வெளுப்பு நீரால் (நம் வீடுகளில் குளோரோக்ஸ் என்றே வழங்கும் அதுதான்) அச்சிடும் இக்கலை, துணியிலுள்ள சாயத்தை நீக்கி உருவம் காட்டுவது. வெள்ளைச் சட்டையில் நீக்குவதற்கு என்ன இருக்கிறது? பலமுறை துவைத்துப் பதப்பட்ட கருநீல, கறுப்புப் பருத்திதான் இதற்கு ஏற்றது. கறுப்பு பெரும்பாலும் வெள்ளையாவதில்லை, செம்பழுப்பாக மாறும். அம்மாற்றத்தைக் காணும் மாணவரின் வியப்பைக் கடையில் விற்கும் கைவினைப் பொட்டலம் எதுவும் தந்து நான் பார்த்ததில்லை. பாலியஸ்டர் பெரும்பாலும் நிறம் மாறாது; பட்டும் கம்பளியும் அரித்துப்போகும்.

பினாங்கில் வாழ்ந்துகொண்டு இதற்கு நாணுவதுதான் விந்தை. பாத்தேக் ஓவியத்தின் முன்னோடியான சுவா தியன் தெங், போருக்குப் பின் இங்கு நடத்திய பாத்தேக் தொழில் நொடித்த பிறகு, எஞ்சிய துணியையும் சாயத்தையும் கொண்டே அக்கலையைத் தொடங்கினார். 2008இல் மறைந்த அவருடைய ஓவியங்களை யுனிசெப் தன் வாழ்த்து அட்டைகளில் அச்சிட்டது. மிச்சப் பொருளில் பிறந்த கலைக்கு உலகம் தந்த மதிப்பு அது. நமக்கோ மிச்சம் என்றால் இழுக்கு!

ஆசிரிய நண்பர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. ஆர்வ மிகுதியால் தெளிப்புக் குப்பியைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். கூடவே கூடாது. புள்ளிக்கோலமோ மாவிலையோ வரைந்து, ஒட்டுத்தாளில் வெட்டி, துணியில் ஒட்டுவது மாணவர் வேலை. சட்டைக்குள் அட்டை செருகி, சரிபாதி நீர் கலந்த வெளுப்பு நீரைப் பஞ்சால் ஒற்றுவது, கையுறையணிந்த பெரியவர் வேலை. அதுவும் காற்றோட்டமான வெளியிடத்தில். வெளுப்பை நிறுத்தக் காடியில் (வினிகரில்) முக்கச் சொல்லும் அறிவுரை ஒன்று உலவுகிறது. அது அறியாமை மட்டுமன்று, ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் குளோரின் நச்சுவாயு எழும். நிறம் போதுமென்று தோன்றியவுடன் நிறைய நீரில் அலசி, பிறகு மருந்தகத்தில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்து, மீண்டும் அலசினால் போதும்.

இத்தனை பாடுபட்டுச் செய்த சட்டையைப் பிள்ளை பள்ளிக் கலைவிழாவுக்கு அணிந்து வந்தால், "புதுசு வாங்கித் தரவில்லையா?" என்று கேட்கும் மாமாக்களும் அத்தைகளும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பைத் தயவுசெய்து பிள்ளையின் தலையில் கட்டாமல் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.