கப்பலுக்குள் ஒரு கலகம்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வெடித்துச் சிதறிவிட்டதாகக் கருதப்பட்ட விண்கலம் ஒன்று விண்கற்களின் நடுவே கண்டுபிடிக்கப்படுகிறது. அதைத் தேடி வரும் அட்மிரல் பிரஸ்மன் அதன் பழைய கேப்டன். அவரோடு அப்போது உயிர் தப்பியவர்களில் ஒருவன் வில் ரைக்கர். இன்று 'எண்டர்பிரைஸ்' கலத்தின் துணைத் தளபதி. பழைய முதலாளியைப் பார்த்ததும் ரைக்கரின் முகம் வெளிறுகிறது.

'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1994 ஜனவரியில் அமெரிக்காவில் ஒளிபரப்பான 'த பெகாஸஸ்' என்ற கதை இது. (1980களில் தூர்தர்ஷன் காட்டியது இதற்கு முந்தைய, கேப்டன் கிர்க் காலத்துத் தொடர்.) எழுதியவர் ரொனால்ட் டி. மூர். அட்மிரலாக வருபவர் டெர்ரி ஓக்வின். பின்னாளில் 'லாஸ்ட்' தொடரில் புகழ் பெற்றவர். குழந்தைகள் கேப்டன் பிக்கார்டைப் போல் பொம்மை செய்து வைக்க, ரைக்கர் அதை வைத்து அவர் குரலில் பேசிக் காட்டுவதோடு கதை கலகலப்பாகத் தொடங்குகிறது. அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நீடிப்பதில்லை.

நடந்தது இதுதான். பெகாஸஸில் ஒரு ரகசியச் சோதனை நடந்தது: கலத்தை எதிரியின் கண்ணுக்கு மறைப்பதோடு, பாறைக்குள்ளும் ஊடுருவிச் செல்ல வைக்கும் கருவி. ராமுலன்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி மறைப்புக் கருவியே சட்டவிரோதம். சோதனை விபரீதமாகப் போனபோது அதிகாரிகள் கேப்டனை எதிர்த்துக் கலகம் செய்தனர். அகாதெமியை விட்டு வந்து ஏழே மாதமான ரைக்கர், துப்பாக்கியை எடுத்துக் கேப்டனின் பக்கம் நின்றான். கேப்டனும் ஒரு சிலரும் தப்பினர். மற்றவர்கள் செத்தார்கள். கலம் பாதி பாறைக்குள் புதைந்து கிடக்கிறது.

இப்போது அட்மிரலின் உத்தரவு: பிக்கார்டிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கலகம் பற்றிய ரகசிய விசாரணை அறிக்கையைத் தோண்டியெடுத்துப் படித்துவிட்ட பிக்கார்ட், ரைக்கரைக் கூப்பிட்டுக் கேட்கிறார். ரைக்கர் வாய் திறப்பதில்லை. உத்தரவை மதிக்கிறேன், ஆனால் இந்தக் கலத்துக்கு ஆபத்து வந்தால் நீதான் பொறுப்பு என்ற தொனியில் பிக்கார்ட் பேசுகிறார். வெடி, துரத்தல் எதையும்விட இந்தச் சில நிமிடங்கள்தான் கதையின் உயிர்.

ராணுவங்களுக்கு இது கற்பனைச் சிக்கல் அல்ல. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர்மக்களைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, ஹ்யூ தாம்ப்ஸன் என்ற ஹெலிகாப்டர் விமானி இரு தரப்புக்கும் நடுவே இறங்கினார். மக்களைச் சுட்டால் தன் நாட்டுச் சிப்பாய்களையே சுடும்படி தன் குழுவினரிடம் சொன்னார். மேலிட உத்தரவைத்தான் நிறைவேற்றினேன் என்று வாதாடிய லெப்டினன்ட் காலியை 1971இல் ராணுவ நீதிமன்றம் குற்றவாளி என்றது. ஆனால் தாம்ப்ஸனுக்கு ராணுவம் 'சோல்ஜர்ஸ் மெடல்' தர 1998 வரை, முப்பது ஆண்டுகள், பிடித்தன. இடைப்பட்ட காலத்தில் அவரைத் துரோகி என்றவர்களும் உண்டு.

ரைக்கர் தாம்ப்ஸன் அல்ல. அன்று நடுவே இறங்காதவன். அட்மிரலிடமே அதைச் சொல்கிறான்: யோசிக்கப் பன்னிரண்டு வருஷம் கிடைத்தது, மறுபடி அந்த நிலை வந்தால் துப்பாக்கி உங்கள் பக்கம்தான் திரும்பும். ராமுலன்கள் வழியை அடைத்து எண்டர்பிரைஸைப் பாறைக்குள் சிக்கவைத்தபோதுதான் ரைக்கர் ரகசியத்தை உடைக்கிறான். சட்டவிரோதக் கருவியைப் பொருத்தியே கலம் வெளியே வருகிறது. வந்த கையோடு, அட்மிரல் கத்தக் கத்த, பிக்கார்ட் ராமுலன்களின் கண்ணெதிரே கருவியை அணைத்துவிட்டு அட்மிரலைக் கைது செய்யச் சொல்கிறார். ரைக்கரும் தன்னைக் கைது செய்யச் சொல்லிச் சிறைக்குப் போகிறான்.

இங்கேதான் மூர் கொஞ்சம் கைவிடுகிறார். கடைசிக் காட்சியில் பிக்கார்ட் சிறைக்கே வந்து, உரிய நேரத்தில் உண்மை சொன்னாய் என்று ரைக்கரை அழைத்துப் போகிறார். அடுத்த வாரம் அவன் மறுபடியும் துணைத் தளபதி. தொடருக்கு அவன் தேவை. கலகம் செய்தவர்கள் சொன்னதுதான் சரி என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். அவர்களில் ஒருவரின் பெயரைக்கூட, படம் முடியும்வரை, யாரும் மரியாதையோடு நினைவுகூர்வதில்லை.