ஐந்து ரூபாய் நாணயமும் அப்பாவின் ரெக்கார்டுகளும்

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவரைக் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று கிண்டல் செய்வது இன்னும் போகவில்லை. அப்படிச் சொல்கிற இளைஞர்களில் பலர் ரெக்கார்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இசைத்தட்டில் இருப்பது வெளி விளிம்பில் தொடங்கி உள்ளே சுருண்டு போகும் ஒரே ஒரு பள்ளம். குறுக்கே கீறல் விழுந்தால் முள் பழைய சுற்றுக்கே சறுக்கிவிடும். பாடிய வரியே மறுபடி வரும்.

ஒரகடத்தில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூரில் வாடகை வீடு. ஊரிலிருந்து அம்மா வந்து சேர்ந்துவிட்டார், கூடவே ஒரு தகரப் பெட்டி. உள்ளே காலமான அப்பா சேர்த்துவைத்த நாற்பது, ஐம்பது தட்டுகள். 1963-ல் வெளிவந்த எம்.எஸ். சுப்ரபாதம், திருவிளையாடல் வசனம், பக்கத்துக்கு இரண்டு பாட்டாக நான்கு பாட்டு அடங்கிய சின்ன சினிமாத் தட்டுகள், எண்பதுகளின் எக்கோ கம்பெனி இளையராஜா. போட்டுக் கேட்க வீட்டில் எதுவும் இல்லை. "சுப்ரபாதம் போன்லயே வருதேம்மா" என்றால், "அது வேற. இது உங்கப்பா வாங்கினது" என்கிறார் அம்மா. மகன் கையில் இருப்பது இருபதாயிரம் ரூபாய். அதற்கு மேல் போனால் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் கை வைக்க வேண்டும்.

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது குட்டி சூட்கேஸ் மாதிரி டர்ன்டேபிள்கள். பச்சை, சிவப்பு என்று அழகழகான நிறம், ஸ்பீக்கரும் உள்ளேயே, விலையும் பாதிக்கும் கீழே. வாங்கிவிடத்தான் தோன்றும். பொறுக்க வேண்டும். இந்த ரகத்தில் பெரும்பாலானவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். அதன் முள் ஐந்து, ஆறு கிராம் பாரத்தோடு பள்ளத்தில் அழுந்தும். ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை கிட்டத்தட்ட அதுதான். காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் என்றால் இரண்டிலிருந்து மூன்றரை கிராம் போதும். ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயம், அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். மூன்று கிராம் வித்தியாசத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கக் கூடாது. அந்த பாரம் முழுவதும் தலைமுடியைவிட மெல்லிய ஒரு முனையில் இறங்குகிறது. கூடுதல் பாரத்தோடு ஒவ்வொரு முறை ஓடும்போதும் பள்ளத்தின் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தேய்ந்தது திரும்பி வராது. டர்ன்டேபிள் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம், அப்பா வாங்கின தட்டுக்கு எங்கே போவது?

(முள் தாவுகிறது என்று கையின் தலையில் நாலணாக் காசை ஒட்டிவைத்து ஓட்டிய வீடுகள் அந்தக் காலத்தில் உண்டு. அந்த வீட்டுத் தட்டுகள் இன்று கரகரப்பதில் ஆச்சரியமில்லை.)

ஆகவே பட்ஜெட் சின்னதாக இருந்தால் பணம் முதலில் முள்ளுக்குப் போக வேண்டும், அப்புறம் சீரான சுழற்சிக்கு. பெட்டியின் அழகு கடைசியில்தான். கடையில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். கார்ட்ரிட்ஜ் காந்த வகையா? முள்ளை மட்டும் தனியாக மாற்ற முடியுமா, அந்த முள் இங்கே கிடைக்குமா? வைர முள்ளாக இருந்தாலும் 300 முதல் 500 மணி நேரத்தில் மாற்றத்தான் வேண்டும். எல்.பி. தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம். தினம் இரண்டு பக்கம் கேட்கிற வீட்டில் ஒரு முள் ஒன்றரை, இரண்டு வருஷம் வரும்.

ஆடியோ டெக்னிகாவின் ஏடி-எல்பி60எக்ஸ் போன்ற எளிய பெல்ட் டிரைவ் மாடல்கள் இந்த இரண்டு கேள்விக்கும் தேறிவிடும். முள்ளின் பாரத்தை நாமாக மாற்ற முடியாது, தொழிற்சாலையில் வைத்ததுதான். 33, 45 வேகங்கள் உண்டு, 78 கிடையாது. பட்டனை அழுத்தினால் கை தானே போய்த் தட்டில் இறங்கும், முடிந்ததும் தானே எழுந்து இடத்துக்குத் திரும்பும். தேர்ந்த ரசிகர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். பாட்டுக் கேட்டபடியே அம்மா கண்ணயர்ந்துவிடும் வீட்டுக்கு இதைவிட நல்ல வசதி இல்லை.

பெட்டியில் தாத்தா காலத்து அரக்குத் தட்டு இருந்தால் கதை வேறு. அது 78 வேகம். பள்ளமும் அகலமானது, அதற்கென்று தனி முள் வேண்டும். எல்.பி. முள்ளை அதில் வைக்கவே கூடாது.

புதிதாக வாங்குகிறவர்கள் திகைத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. டர்ன்டேபிளை ஹோம் தியேட்டரின் ஆக்ஸில் செருகுவார்கள். கொசு பாடுவது போல மெலிந்த சத்தம்தான் வரும். மெஷின் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம். காந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். போதாக்குறைக்குத் தட்டைப் பதிக்கும்போதே கனமான ஒலியைக் குறைத்து, கீச்சு ஒலியைக் கூட்டித்தான் பதிக்கிறார்கள். அதை நேர்செய்து பெரிதாக்கித் தருவது ஃபோனோ பிரீஆம்ப். இப்போது பல மாடல்களில் அது உள்ளேயே இருக்கிறது. பின்பக்கத்துச் சின்ன ஸ்விட்சைத் தள்ளினால் போதும்.

பழையது வாங்கலாமா? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இங்கிருந்து தொலைவில்லை. பழைய பிலிப்ஸ், எச்.எம்.வி. பிளேயர்களை எடுத்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். முள் கிடைக்கிறதா, ரப்பர் சக்கரம் இறுகிப்போயிருக்கிறதா என்று பார்க்காமல் காசைக் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் இன்னும் கவனம் வேண்டும். மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடும் பழைய மோட்டார், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததாக இருந்தால் நம் ஊர் 50-ல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஜப்பானிலேயே கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60.

வேகத்தைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். எல்.பி. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் அல்ல, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும் சுற்ற வேண்டும். அதாவது மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று. தட்டின் ஓரத்தில் சின்ன ஸ்டிக்கரை ஒட்டி, போனில் நேரம் வைத்து எண்ணினால் தீர்ந்தது. 99, 101 வந்தால் பாதகமில்லை. 94-க்கு இறங்கினால் சுருதி அரைக் கட்டை அளவுக்குக் கீழே போய்விடும். அந்த 60 ஹெர்ட்ஸ் மெஷினில் 83-தான் வரும், எம்.எஸ். குரல் ஆண் குரலாகிவிடும்.

எங்கே வைப்பது என்பதில் ஒரகடத்துக்காரர் யாருக்கும் பாடம் எடுப்பார். நாளெல்லாம் அதிர்வையும் மட்டத்தையும் அளப்பதுதானே அவர் வேலை. வீட்டுக்கு எதிரே ராத்திரி பகலாக கார் ஏற்றிய டிரெய்லர்கள் போகின்றன. ஆடுகிற டீப்பாயில் வைத்தால் ஒவ்வொரு லாரியும் ஸ்பீக்கரில் உறுமும். நம் வீடுகளில் சுவரோடு பதித்திருக்கும் கடப்பாக் கல் அலமாரி இதற்கென்றே செய்தது போல. ரசமட்டம் வைத்து, தாழ்ந்த பக்கம் அட்டை கொடுத்துச் சரிசெய்தால் போதும். ஸ்பீக்கர் மட்டும் அதே கல்லில் இருக்கக் கூடாது.

தட்டுகளை நூலகப் புத்தகம் போல நிறுத்தித்தான் வைக்க வேண்டும். கான்கிரீட் கூரைக்கு அடியில் பரணில் போட்டால் சித்திரை வெயிலில் அப்பளமாக வளையும். பூஞ்சை பிடித்த எல்.பி.யை பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் கலந்து, மிருதுவான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் தண்ணீரில் அலசிக் காயவைக்கலாம். நடுவிலுள்ள லேபிள் நனையக் கூடாது. அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் கீறல் கீறல்தான், எந்த டர்ன்டேபிளும் அதை ஆற்றாது. சுப்ரபாதத்தில் அந்த இடம் வரும்போது முள் தாவத்தான் செய்யும். அம்மாவுக்கு அது எந்த இடம் என்று தெரியும். சமையலறையிலிருந்து ஓர் அடி முன்னாலேயே எழுந்து வருவார்.