குலசேகரன்பட்டினத்து மனைகளும் குடிக்கூலியும்

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட்டு ஏவுதளம் அமைதல் உறுதிப்பட்ட நாள்முதல், அவ்வூரைச் சூழ்ந்த பனங்காடுகளை மனையாக்கி விலைபேசும் ஆரவாரம் மிகுந்துள்ளது. 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி ஆகிய ஊர்ப்பகுதிகளில் 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதற்கென எடுக்கப்பட்டது. இந்நிலையில், மனை வாங்கி வீடு கட்டிக் குடிக்கூலிக்கு விடக் கருதுவோர் எதனை நோக்கி முதலிடுதல் வேண்டும்? ஏவுதளத்தை நோக்கியன்று, பன்னிரண்டு திங்களும் அங்குத் தங்கிக் கூலி கொடுக்கவல்லார் யாவர் என்பதை நோக்கியே என்பது எமது துணிபு.

இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்ட காரணத்தை முதற்கண் எண்ணுவோமாக. ஸ்ரீஹரிகோட்டாவினின்று தென்துருவம் நோக்கிச் செலுத்தப்படும் கலம், இலங்கைத் தீவை விலக்கி வளைந்து செல்லவேண்டியதாகிறது. அதனால் எரிபொருள் வீணாகும். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கிலோ நேரே பெருங்கடல். சிறு செயற்கைக் கோள்களைச் சுமக்கும் சிறிய ராக்கெட்டுகளுக்கு இஃது பெருநன்மை. ஆனால் ஏவுதளத்துக்கு வேண்டுவது ஆளற்ற கடல். வீட்டுக்காரருக்கு வேண்டுவதோ ஆள். ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் ராக்கெட்டுகள் ஏவப்பட்டு வருகின்றன. அங்குப் பணிபுரிவார்க்கென நிறுவனத்தாரே சூலூர்ப்பேட்டையில் குடியிருப்புகள் கட்டியுள்ளனர். இங்கும் அவ்வாறே செய்வாராயின், எஞ்சினியர்களை எதிர்பார்த்துக் கட்டிய மாடிவீடுகள் யாருக்குப் பயன்படும்? மனைத் தரகர் இதனைச் சொல்லார்.

பட்டினத்தின் பழங்கதையும் ஈண்டு நினைக்கத்தகும். பாரி கம்பெனியார் சார்பில் இங்கே சர்க்கரை ஆலையொன்று நடந்தது. அதனைச் சார்ந்து சிறு ரயிலும் 1915 முதல் திசையன்விளைவரை ஓடிற்று. ஆலை ஓய்ந்தது. 1940-இல் ரயிலும் நின்றது. ஒரே தொழிலை நம்பிய ஊர் அத்தொழில் நீங்கியபின் என்னாகும் என்பதை வேற்றூரில் தேடவேண்டுவதில்லை. அண்மையிலுள்ள கல்லாமொழியில், 660 மெகாவாட் திறனுடைய இரண்டு பிரிவுகளோடு உடன்குடி அனல்மின் நிலையம் எழுந்தது. கட்டுமானத்துக்கு வருவோரால் வீட்டுக்கூலி உயர்வது இயல்பே. ஆயினும் கட்டுவோர் தொகை வேறு, கட்டி முடிந்தபின் நடத்துவோர் தொகை வேறு. முன்னதைக் கணக்கிட்டு இருபது ஆண்டுக் கடன் வாங்குதல் பேதைமை.

நிலத்தின் இயல்பும் நோக்கத்தக்கது. கடலோரத்தில் நல்ல தண்ணீருள்ள வீடே குடியுள்ள வீடு. உப்புநீர்க் கிணற்றோடு நிற்கும் மாளிகையை எவரும் நாடார். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளளவில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்ததே! அதன்பின்னும் தாழ்நிலத்தைக் கோடையில் மட்டும் பார்த்து வாங்குவோரை என்னென்பது? கரையோரத்தில் கட்டடம் எழுப்புதற்குக் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின் தடைகளும் உள. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்தலாகாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2016-இல் ஆணையிட்டபோது, சேமிப்பையெல்லாம் அத்தகைய மனைகளில் இட்டோர் பட்ட கலக்கம் தமிழகம் அறிந்ததே.

யாம் பெரிதும் அஞ்சுவது வேறொன்று. வருவார் என்று எண்ணப்படுவோரின் பொருட்டு, இருப்போர் மீது கூலி உயர்த்தப்படுதல். மீன்பிடிப்போரும் உப்பளத்தில் உழைப்போரும் பனையேறிகளும் பள்ளி ஆசிரியரும் இவ்வட்டாரத்தில் ஆண்டு முழுதும் வாழ்பவர். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வரும் இலட்சக்கணக்கானோர் பத்து நாளில் மீள்வர். அவர் தரும் கூலியை அளவாகக் கொண்டு ஊராரிடம் திங்கள்தோறும் கேட்டல் எவ்வாறு முறையாகும்? 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், உடன்படிக்கையை எழுத்தில் வரைந்து பதிவுசெய்ய வேண்டுமென்கிறது. அதன்படி ஓராண்டுக் கூலியை முன்னரே வரையறுத்தால், குடியிருப்போன் தன் வருவாய்க்கேற்பத் திட்டமிடுவான். உடைமையாளரும், வாராத எஞ்சினியருக்காக வீட்டைப் பூட்டிவைத்து வட்டி கட்டவேண்டியிராது.