இன்னொரு படகு வேண்டாம், இருக்கிற படகை முதலில் தூக்கி வையுங்கள்



ஊர்ச் சகோதர சகோதரிகளுக்கும், தோட்டத்து உறவுகளுக்கும், ஆற்றங்கரையில் எங்களோடு வாழும் சிங்கள அயலவர்களுக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. வெள்ள மீட்புக்கு இன்னொரு ஃபைபர் படகு வாங்கப் பணம் சேர்க்கிறார்கள். கொடுப்பவர்களின் நிய்யத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. அதற்கான கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியாது. ஏற்கெனவே இருக்கிற படகு என்ன நிலையில் கிடக்கிறது?

எல்லோருக்கும் தெரியும். மண்டபத்துக்குப் பின்னால், இரண்டு பழைய டயர்களின் மேல், வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. உள்ளே மழைத்தண்ணீரும் பலா இலையும். அடியில் தண்ணீர் போகும் ஓட்டையின் தக்கை இறுகிப்போய்விட்டது. தக்கையைக் கழற்றினாலும் பயனில்லை. படகின் முன்பக்கம் பள்ளத்திலும், ஓட்டை உள்ள பின்பக்கம் மேட்டிலும் இருக்கிறது. அதைக் கையளித்த நாளில் பெனர் கட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். அதற்கு ஒரு கூரை போட யாரும் வரவில்லை.

தரம் 6 பிள்ளைகள் போடும் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 15 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள படகின் திறந்த பரப்பு, முன்பக்கம் குறுகுவதைக் கழித்தால், ஏறத்தாழ 5 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதில் 500 லீற்றர் தண்ணீர் சேரும். ஒரு லீற்றர் ஒரு கிலோ. ஆக 500 கிலோ, ஏழெட்டுப் பெரியவர்களின் பாரம். யட்டியாந்தோட்டை, தெரணியகல, கித்துல்கல பக்கம் ஒரே இரவில் 100 மில்லிமீற்றர் பெய்வது புதினமான விஷயமா? நாம் ஏற வேண்டிய இடத்தில் மழை முதலே ஏறி உட்கார்ந்துவிடுகிறது. வெள்ள இரவில் அதை அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் படகை அசைக்கவே முடியும்.

"ஃபைபர்தானே, உக்காது" என்கிறார்கள். ஃபைபர் உக்காது, உண்மை. ஆனால் பல படகுகளில் இன்ஜினைப் பூட்டும் பின்பலகைக்குள் பிளைவூட் இருக்கும். ஆணித் துளைகளாலும் சிறு வெடிப்புகளாலும் தண்ணீர் உள்ளே போனால் அந்தப் பலகை உள்ளுக்குள்ளேயே உக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாகவே தெரியும். ஓடும் வெள்ளத்தின் நடுவில் இன்ஜினை முழு வேகத்தில் முடுக்கும்போதுதான் பலகை கையை விரிக்கும். அந்த நேரத்தில் படகுக்குள் பிள்ளைகள் இருப்பார்கள். தரையில் கிடப்பதில் இன்னொரு கெடுதியும் உண்டு. முழுப் பாரமும் இரண்டு இடங்களில் மட்டும் அழுத்துவதால் அடிப்பாகம் வளைந்து வெடிக்கும்.

அடுத்தது டெங்கு. 2017 மே மாத வெள்ளமும் மண்சரிவும் பக்கத்து இரத்தினபுரி மாவட்டத்தை என்ன செய்தன என்பதை யாரும் மறக்கவில்லை. அதே ஆண்டில் நாடு முழுவதும் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். வீட்டு முற்றத்தில் ஒரு யோகட் கோப்பையில் தண்ணீர் நின்றாலே பீஎச்ஐ வந்து எச்சரிக்கிறார். இங்கே ஊருக்கு நடுவில் 500 லீற்றர் நிற்கிறது. முட்டை நுளம்பாவதற்கு ஒன்றரை வாரம்கூடத் தேவையில்லை. உயிரைக் காப்பாற்ற வந்த படகு, வெள்ளமே வராத மாதங்களிலும் ஊரை நோயில் தள்ளிக்கொண்டிருக்கிறது.

"நேவி வரும், ஆமி வரும்" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. வருவார்கள். அவர்கள் செய்த சேவையை மறுப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் நம் மாவட்டத்தின் நிலைமையை யோசியுங்கள். இங்கே வெள்ளமும் மண்சரிவும் ஒன்றாக வருகின்றன. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து தோட்டத்து மக்கள் உயிரிழந்தார்கள். அந்த நாட்களிலேயே கீழே கொலன்னாவையும் கடுவலையும் களனி கங்கையில் மூழ்கின. 2025 நவம்பரில் முதலில் பஹல கடுகண்ணாவையில் கல்லும் மண்ணும் விழுந்து கொழும்பு – கண்டி வீதி மூடப்பட்டது. ஒரு வாரத்துக்குள் டித்வா புயல் வந்தது. பாதை அறுந்தால் லொறியில் ஏற்றிய படகு எப்படி இங்கே வரும்? வந்தாலும், கீழே லட்சக்கணக்கான மக்கள் தண்ணீரில் நிற்கும்போது மலையடிவாரத்து நம் முறை எப்போது வரும்? முதல் சில மணித்தியாலங்கள் நம் கையில்தான். லக்ஷபான பக்கத்து அணைகளின் வான்கதவைத் திறக்கிறோம் என்று அறிவித்தல் வந்த பிறகு படகைக் கழுவ உட்கார முடியாது.

சிலர் கேரளத்தை உதாரணம் காட்டுகிறார்கள். 2018 வெள்ளத்தில் மீனவர்கள் 600க்கும் மேற்பட்ட படகுகளை லொறிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். அவர்கள் காப்பாற்றியது 65,000 பேர் என்று அந்த மாநில அரசாங்கம் சொன்னது. அருமையான உதாரணம். ஆனால் அதை முழுதாகப் பாருங்கள். அவை நாளாந்தம் கடலுக்குப் போகிற படகுகள். இன்ஜினின் சத்தம் மாறினால் அன்றைக்கே தெரியும். படகு கரையேறியதும் தண்ணீரை வெளியேற்றுவது மீனவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அது அவன் சோறு. நம் படகு ஆண்டில் 360 நாள் தூங்குகிறது. தூங்குகிற படகுக்கு ஓடுகிற படகைவிடக் கூடுதல் பராமரிப்பு வேண்டும். நாம் கொடுப்பதோ இரண்டு டயர்.

அப்படியானால் என்ன வேண்டும்? ஒரு படகுத் தூக்கி. பெரிய ஹோட்டல்களிலும் துறைமுகங்களிலும் இருப்பது போன்ற மின்சார லிஃப்ட் அல்ல. நம் ஊர் வெல்டிங் கடைக்காரரும் மேசன் பாஸும் சேர்ந்து செய்யக்கூடியதுதான்.

கொங்கிரீட்டில் இறுக்கிய நான்கு இரும்புத் தூண்கள். மேலே படகைத் தாங்கும் குறுக்கு இரும்புகள். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்றாக இரண்டு செயின் புளொக். படகின் அடியைச் சுற்றிப் பிடிக்க இரண்டு அகலமான பட்டிகள். கயிறு கூடாது, அது அறுக்கும். பின்பட்டி இன்ஜின் பாரத்துக்குக் கிட்ட வரவேண்டும். முன்பக்கம் பின்பக்கத்தைவிட நான்கைந்து அங்குலமாவது உயர்ந்து நிற்கவேண்டும். தக்கை கழற்றப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே விழும் ஒவ்வொரு துளியும் தானாகவே பின்னால் ஓடி வெளியேறும். கீழே சல்லி போட்டு ஒரு சிறு கான் வெட்டினால் அந்தத் தண்ணீரும் தேங்காது. எல்லாவற்றுக்கும் மேலே தகரக் கூரை.

"தறப்பாள் போட்டால் போதாதா?" போதாது. நடுவில் கம்பு கொடுத்து முகடு வைக்காத தறப்பாள் ஒரே மழையில் தொய்ந்து குளமாகும். "கவிழ்த்து வைக்கலாமே?" துடுப்புப் போடும் சிறு தோணிக்கு அது நல்ல முறைதான். ஆனால் இன்ஜின் படகைக் கவிழ்க்கவும் நிமிர்த்தவும் ஆறேழு பேர் தேவை. நடுச்சாமத்தில், கொட்டும் மழையில், தன் வீட்டுப் பிள்ளைகளை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருப்பவர்களில் ஆறேழு பேரை எங்கே தேடுவது? செயின் புளொக் இருந்தால் இரண்டு பேர் போதும்.

தூக்கி வைத்ததோடு வேலை முடியாது. தக்கையைக் கயிற்றில் கோர்த்துப் படகிலேயே கட்டவேண்டும், சிவப்புப் பெயின்டும் அடிக்கவேண்டும். அதைப் பூட்டாமல் படகை இறக்கினால் நாமே அதைத் தாழ்த்துகிறோம். இன்ஜினைக் கழற்றி நிமிர்த்தி உள்ளே வைக்கவேண்டும். மாதம் ஒருமுறை தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் இயக்கிப் பார்க்கவேண்டும். மாதக்கணக்கில் நின்ற பெற்றோல் காபரேட்டரில் பிசின் போல ஒட்டும். உயிர்காப்பு அங்கிகளை எலி எட்டாத உயரத்தில் காயத் தொங்கவிட வேண்டும்.

இனி, சிலருக்குப் பிடிக்காத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறோம்.

ஒன்று, இடம். தூக்கி நிற்க வேண்டியது கொடுத்தவரின் பெயர்ப்பலகை நன்றாகத் தெரிகிற இடத்தில் அல்ல. தண்ணீர் வரும் பக்கத்தில், ஆனால் பழைய வெள்ள அடையாளத்துக்கு மேலே நிற்கவேண்டும். அந்த இடம் பள்ளிவாசல் காணியா, பன்சலைக் காணியா, தோட்டத்துக் காணியா என்று பார்க்க வேண்டாம். லயத்துப் பிள்ளையையும் கடைத்தெருப் பிள்ளையையும் தண்ணீர் பிரித்துப் பார்ப்பதில்லை.

இரண்டு, சாவி. இப்போது சாவி ஒரே வீட்டில் இருக்கிறது. அந்த வீடு ஆற்றுக்கு அக்கரையில். வெள்ளம் வந்தால் சாவியை எடுக்கவே ஒரு படகு வேண்டும்! மூன்று சாவிகள் வேண்டும். கடைத்தெருவில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று, சிங்கள அயலவர் ஒருவரிடம் ஒன்று. படகை இறக்கத் தெரிந்த பத்துப் பேரில் பெண்களும் இருக்கவேண்டும். பகல் வெள்ளத்தில் ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள்.

புதுப் படகும் இன்ஜினும் வாங்கும் விலையோடு பார்த்தால் இந்தத் தூக்கிக்கான செலவு சிறியது. அப்படியிருந்தும் இதற்குப் பணம் சேராது. ஏன்? இதில் போட்டோ இல்லை. ரிபன் வெட்டலாம், ஆனால் மாதம் ஒருமுறை வந்து இன்ஜினை இயக்குவதற்கு யாரும் கைதட்டப் போவதில்லை. ஊர்ப் பணத்தில் வந்த பொருள் அமானிதம். வாங்கிய அன்று அந்தப் பொறுப்பு முடிவதில்லை, அன்றுதான் ஆரம்பிக்கிறது. முதல் படகை உக்கவிட்டு இரண்டாவதுக்குக் கை நீட்டினால், நாளைக்கு இரண்டு படகுகளில் தண்ணீர் நிற்கும். அவ்வளவுதான் மாற்றம்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். நிதிப் பட்டியலை நிறுத்துங்கள். சேர்ந்த பணத்தைக் கொடுத்தவர்களிடம் அனுமதி கேட்டு இந்தத் தூக்கிக்கு மாற்றுங்கள். படகின் பின்பலகையைத் தட்டிப் பார்த்து நிலைமையைச் சொல்ல, கரையோரத்தில் படகு கட்டும் பாஸ் ஒருவரை அழைத்து வாருங்கள். கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்து அனர்த்த உத்தியோகத்தரையும் கூட்டி ஒரு முறை இறக்கிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் படகு தயாராகிறதா என்று கடிகாரத்தில் பாருங்கள். தயாரானால், அதற்குப் பிறகும் இன்னொரு படகு தேவைப்பட்டால், முதல் ஆளாக நாங்களே பணம் கொடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

அதுவரை ஒரு வேலை மட்டும். வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு வாளியும் ஸ்பேனரும் கொண்டு வாருங்கள். முதலில் அந்தத் தண்ணீரை வெளியேற்றுவோம்.